சிவப்பு நூல் கட்டிய செடியை வெட்டாதீர்கள்

வாசகர் கேள்வி-பதில்

புரோக்கோலியை விதையிலிருந்து வளர்த்து, அதிலேயே மறுபடி விதையும் எடுக்கலாம் என்று சென்ற இதழில் நான்கே வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் வேறு எந்தப் பயிருக்கும் இடமில்லை. ஒரு வார்த்தை முன்கூட்டியே: எந்த மாதத்தில் விதைப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்குக் குளிர் தொடங்கும்போது இன்னொருவருக்கு வெயில் கொளுத்தும். எனவே மாதத்தை விட்டுவிட்டு டிகிரிக் கணக்கில் சொல்கிறேன், எல்லோருக்கும் பொருந்தும்.

அக்கா, நான் வாங்கிய பொட்டலத்தில் ‘திறந்த மகரந்தச் சேர்க்கை ரகம்’ என்று போட்டிருக்கிறது. புரோக்கோலியில் விதை எடுத்து விதைத்தால் ஒன்றும் தேறாது என்கிறாள் என் தோழி. யார் சொல்வதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். பொட்டலம் ஒரு விதையைப் பற்றிச் சொல்கிறது, தோழி இன்னொரு விதையைப் பற்றிச் சொல்கிறார்.

தோழி பார்த்தது ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு விதையாக இருக்கும். பல தலைமுறை தனக்குள்ளேயே சேரவைத்து ஒரே சீராக்கிய இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்து எடுப்பது அது. முதல் தலைமுறை அச்சில் வார்த்ததுபோல் வரும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் இரண்டு பக்கத்துக் குணங்களும் கலைந்து ஒன்று குட்டையாக, ஒன்று நெட்டையாக நிற்கும். ஒன்று கொண்டையே, அதாவது நாம் சாப்பிடும் மொட்டுக் கொத்தே, கட்டாது.

உங்கள் பொட்டலத்தில் இருப்பது வேறு. தேனீயும் ஈயும் தம் போக்கில் செடிக்குச் செடி மகரந்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படி உண்டான விதையே அடுத்த ஆண்டும் அதே ரகமாக வரும். கலாப்ரீஸ், டி சிக்கோ, வால்தம் 29 எல்லாம் இந்த வகை. கலாப்ரீஸுக்குப் பெயர் கொடுத்தது இத்தாலியின் கலாப்ரியா. டி சிக்கோவும் இத்தாலியிலிருந்து வந்ததே. வால்தம் 29 அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், வால்தம் என்ற ஊரில் இருந்த ஆய்வுப் பண்ணையில் தேர்ந்தெடுத்து 1950களில் வெளிவந்தது. அன்று முதல் இன்று வரை யாரோ ஒருவர் ஆண்டு தவறாமல் விதை எடுத்து விதைத்ததால்தான் இவை உங்கள் கைக்கு வந்திருக்கின்றன.

ஹைபிரிட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது வருகிற பலவற்றில் ஆண் மலட்டுத்தன்மை இருக்கும். ஒகுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1968இல் முள்ளங்கியில் கண்டறிந்த குணம். பிறகு அதைக் கோசு இனத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் ஒருமுறை அப்படியொரு செடியைப் பூக்க விட்டேன். செடி நிறைய மஞ்சள் பூ. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், நடுவில் சூல்முடி பச்சையாக, நன்றாக நிற்கிறது. சுற்றிலும் ஆறு மகரந்தத் தாள் இருக்க வேண்டிய இடத்தில் வதங்கிய நூல் துணுக்குபோல் ஆறு குச்சிகள். சுண்டுவிரலால் தடவினேன், ஒரு பொடி ஒட்டவில்லை. பக்கத்துப் பாத்தியில் டி சிக்கோ பூவைத் தொட்டதும் விரல் நுனி மஞ்சளாகிவிட்டது. விதைக்கு விடுவதற்கு முன் நீங்களும் இப்படித் தொட்டுப் பாருங்கள்.

நாற்றுகள் வெளுத்து, நூல்போல் நீண்டு சாய்கின்றன. பாதி செத்தும் போயின. விதையில் கோளாறா?

முளைத்திருக்கிறது என்றால் விதையில் கோளாறு இல்லை. வெளிச்சம் போதவில்லை. எல்லா விதையும் முளைக்கட்டும் என்று தட்டை மூடியே வைத்திருப்பீர்கள், பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் நான்கைந்து நாளில் முளை வரும். முதல் சில முளைகள் தலை தூக்கிய அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரே ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும், அதைத் திரும்பக் குறுக்க முடியாது. ஆனால் மறைக்கலாம்: நடும்போது விதையிலைகள் மண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக நடுங்கள், செடி தேறிவிடும்.

செத்துப்போனவற்றின் தண்டு, மண்ணை ஒட்டிய இடத்தில் கிள்ளியதுபோல் இறுகியிருந்ததா? அது நாற்றழுகல். வந்த நாற்றுக்கு வைத்தியம் இல்லை. விதையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போடாமல், நெருக்கி விதைக்காமல், தட்டின் அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்டு, மேல்மண்ணைக் காய்ந்தாற்போல் வைத்திருந்தால் பெரும்பாலும் வராது.

நாலைந்து வாரத்தில், நான்கைந்து நிஜ இலை வந்ததும் நட்டுவிடுங்கள். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் வெளிக் காற்றுக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். இடம் பற்றாது என்று 30க்குக் குறைத்தால் கொண்டை சிறுத்துவிடும்.

24 செடி நட்டேன். ஒன்றில் கொண்டை கைப்பிடி அளவு, ஒன்றில் எலுமிச்சை அளவு. ஒன்று முந்தியது, ஒன்று மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. ஏமாந்துவிட்டேனோ?

ஏமாறவில்லை. சொல்லப்போனால் உங்கள் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, செடி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரே ரகம்தான், ஆனால் ஒவ்வொரு செடியும் தனித்தனி ஆள். திறந்த மகரந்தச் சேர்க்கையின் இயல்பே அது. ஹைபிரிட் ஒரே வாரத்தில் முழு வயலும் அறுவடைக்கு வர வேண்டும் என்பதற்காகச் செய்தது; லாரியில் ஏற்றுகிறவருக்கு அது தேவை. வீட்டில் ஒரே நாளில் 24 கொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? என் குறிப்பேட்டில் ஒரு பருவத்துக் கணக்கு இருக்கிறது: நான் முதல் கொண்டையை வெட்டியதற்கும் கடைசிக் கொண்டையை வெட்டியதற்கும் நடுவே 26 நாள். அந்த 26 நாளும் சமையலுக்கு ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

டி சிக்கோ போன்ற பழைய ரகங்களில் நடுக் கொண்டை சிறியது, ஏழெட்டு சென்டிமீட்டர் வந்தாலே நல்லது. அதன் பலம் பக்கச் சிம்புகளில் இருக்கிறது. நடுக் கொண்டையை ஒரு சாண் தண்டோடு, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் விரல் தடிமனில் சிம்பு கிளம்பும். வெட்ட வெட்ட வரும். வெட்டியதும் செடியைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் பாதிக்கு மேல் விளைச்சலைக் குப்பையில் போடுகிறார்கள், பார்க்க மனசு கேட்பதில்லை. பெரிய ஒற்றைக் கொண்டைதான் வேண்டும் என்றால் வால்தம் 29 போடுங்கள். அதுவும் ஹைபிரிட் அளவுக்கு ஒரே சீராக வராது.

சரி, அந்த முந்தியது, பிந்தியது, பெரிசு, சிறிசு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்களா? விதை எடுக்கும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது. கீழே வருகிறேன்.

கொண்டை பொத்தான் அளவில் வந்து உடனே பூத்துவிடுகிறது.

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். நாற்றை அதிக நாள் தட்டிலேயே வைத்து வேர் சுருண்ட பிறகு நட்டிருப்பீர்கள். அல்லது இளஞ்செடி தொடர்ந்து பத்து நாள்போல 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும். இல்லையென்றால் தண்ணீரோ தழைச்சத்தோ பற்றவில்லை. இலை வளர்வதற்கு முன்பே செடி பயந்து கொண்டை கட்டிவிடுகிறது. இலை எவ்வளவோ கொண்டை அவ்வளவுதான்.

அக்கா, எனக்கு வேறு மாதிரி. கொண்டை பெரிதாக இருக்கிறது, ஆனால் மொட்டுகள் மேடு பள்ளமாக, நடுவே சின்னச் சின்ன இலை முளைத்து நிற்கிறது.

வெயில். 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் கொண்டை இறுக்கமாகக் கட்டும். 27, 28ஐத் தாண்டினால் இப்படி ஆகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: கெடுவது கொண்டை கண்ணுக்குத் தெரிந்த பிறகு மட்டும் அல்ல. குருத்துக்குள் மொட்டுகள் ஊசிமுனை அளவில் உருவாகிக்கொண்டிருக்கும் சில நாள்தான் மிகவும் மென்மையான கட்டம். அப்போது அடித்த வெயில், இரண்டு மூன்று வாரம் கழித்து மேடு பள்ளமாகத் தெரியும். ஆகவே குளிர்ந்த நாள்கள் எப்போது வரும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதையுங்கள். விதையிலிருந்து கொண்டைக்கு ரகத்தைப் பொறுத்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம்.

உங்களுடைய அதே பாத்தியில் ஒன்றிரண்டு செடி மட்டும் வெயிலிலும் சீராகக் கட்டியிருந்தால் அதை வெட்டாதீர்கள். அது உங்கள் இடத்துக்கு ஒத்துப்போகிற செடி.

ஒரு செடியை மட்டும் விதைக்கு விட்டேன். ஆளுயரம் வளர்ந்து பூத்துக் குலுங்கியது, தேனீயும் நிறைய வந்தது. ஆனால் காய் எல்லாம் குண்டூசிபோல் ஒல்லியாக நிற்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. என்ன தவறு செய்தேன்?

ஒரு செடி விட்டதுதான் தவறு. வேறொன்றும் இல்லை.

புரோக்கோலிப் பூ தன் செடியின் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மகரந்தம் சூல்முடியில் விழுந்ததும், இது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று அடையாளம் கண்டு, முளைக்க விடாமல் நிறுத்திவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ந்து வம்சம் நலியக் கூடாது என்று செடி வைத்திருக்கும் காவல் இது. தேனீ எத்தனை வந்தாலும் ஒரே செடிக்குள் சுற்றினால் பலன் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு விதை கிடைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் காவலுக்கு ஒரு சின்ன இடைவெளி உண்டு. விரிவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கிற இளமொட்டில் அந்த அடையாளம் காணும் சக்தி இன்னும் வந்திருக்காது. இனவிருத்தி செய்கிறவர்கள் அந்த மொட்டை முள்வாங்கியால் பிரித்து, அதே செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு மாலை முழுதும் குனிந்து உட்கார்ந்து நாற்பது மொட்டு. காயும் பிடித்தது, விதையும் வந்தது. ஆனால் அந்த விதையில் வளர்ந்த செடிகள் அம்மாவைவிட ஒரு சுற்றுச் சிறியவை, இலையும் சோகை பிடித்தாற்போல். ஒரு ரகத்தின் கடைசிச் செடி உங்களிடம் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

எத்தனை செடி விட வேண்டும்? விதை பிடிக்க ஐந்தாறு செடி ஒரே சமயத்தில் பூத்தால் போதும். ஆனால் ரகம் பல தலைமுறைக்கு வலுவாக நிற்க வேண்டுமென்றால் 20க்குக் குறையக் கூடாது. 50 இருந்தால் நிம்மதி. அத்தனைக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். நானும் என் இரண்டு சிநேகிதிகளும் ஒரே ரகத்தில் ஆளுக்கு எட்டு, பத்து செடி விட்டு, கிடைத்த விதையை ஒன்றாகக் கொட்டிக் கலந்து பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆறு வருடமாக நடக்கிறது. இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்திலேயே நூல்கோலும் முட்டைக்கோசும் இருக்கின்றன. முள்ளங்கி, கடுகும் பூத்திருக்கிறது. கலந்துவிடுமா?

முள்ளங்கியும் கடுகும் வேறு இனம், கவலை வேண்டாம். நூல்கோலும் முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் கேல் கீரையும் புரோக்கோலியும் தோற்றத்தில்தான் வேறு வேறு. தாவரவியல் கணக்கில் எல்லாம் ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா. ஒன்றாகப் பூத்தால் கட்டாயம் கலக்கும். எனக்கு நடந்தது: நாலு வீடு தள்ளி யாரோ நூல்கோலை அறுக்காமல் விட்டிருந்தார்கள். அது பூத்திருந்ததே எனக்குத் தெரியாது. அடுத்த பருவம் நான் விதைத்ததில் சில செடிகளின் தண்டு அடியில் பம்பரம்போல் உப்பியிருந்தது, மேலே ஒழுங்கான கொண்டை இல்லை.

வணிக விதை உற்பத்திக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் விலகு தூரம் விடுவார்கள். வீட்டுத் தேவைக்கு 800 மீட்டர், நடுவே கட்டடமும் மரமும் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைவானாலும் சமாளிக்கலாம். உங்கள் தோட்டத்துக்குள்ளேயே என்றால் மிக எளிய வழி, ஒன்றை மட்டும் பூக்க விட்டு மற்றதை அறுத்துச் சாப்பிட்டுவிடுவது. அறுவடை நிலையில் இருக்கும் முட்டைக்கோசு எந்தத் தொந்தரவும் செய்யாது, பூத்தால்தான் பிரச்சினை. முடியாவிட்டால் கொசுவலைத் துணியால் கூண்டு கட்டி, காலையில் தூரிகையால் செடி மாற்றிச் செடி நீங்களே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். முதுகு வலிக்கும், ஆனால் நம்பகமான வேலை.

எந்தச் செடியை விதைக்கு விடுவது, எப்போது அறுப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள் அக்கா.

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டு வருடம் நல்ல கொண்டையைப் பார்த்தால் வெட்டினேன், சமைத்தேன். வெட்டத் தோன்றாமல் விட்டவையும், நான் ஊரில் இல்லாத வாரத்தில் முந்திப் பூத்தவையும்தான் விதைக்கு நின்றன. மூன்றாம் வருடம் பாத்தி முழுக்கச் சின்னக் கொண்டை, அதுவும் பத்து நாளில் பூத்துவிட்டது. ரகம் கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டேன். பிறகுதான் புரிந்தது: அவசரமாகப் பூக்கிற செடியாகப் பார்த்து இரண்டு வருடம் நானே பொறுக்கி எடுத்திருக்கிறேன். எஞ்சியிருந்த பழைய பொட்டல விதையை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. கொண்டை கட்டத் தொடங்கும்போதே பாத்தியை நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவேன். இறுக்கமான கொண்டை, நேரான தண்டு, பூச்சி அதிகம் தொடாத இலை, எல்லாவற்றுக்கும் மேலாக, கொண்டை முற்றிய பிறகும் பல நாள் பூக்காமல் தாக்குப் பிடிப்பது, இதெல்லாம் உள்ள செடியின் அடித்தண்டில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூல் கட்டிய செடியை யாரும் தொடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாத்தியிலேயே அழகான கொண்டையைச் சமைக்காமல் விடுவது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். கொண்டையே கட்டாதது, முந்திப் பூத்தது, வேறு சாயல் தெரிவது எல்லாம் கலவன். அவற்றைப் பூ விரிவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் அதன் மகரந்தம் ஏற்கெனவே மற்றவற்றுக்குப் போயிருக்கும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. மிக நல்லது என்று இரண்டே செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மேலே சொன்ன எண்ணிக்கையை மறக்க வேண்டாம். மோசமானவற்றை நீக்குங்கள், சுமாரானவையும் சில இருக்கட்டும்.

மழை பெய்யும் இடமானால் இறுக்கமான கொண்டையின் நடுவில் தண்ணீர் தங்கி அழுகும். நடுவிலிருந்து சில துண்டுகளைக் கத்தியால் எடுத்துவிட்டால் சுற்றியுள்ள கிளைகள் காற்றோட்டமாக மேலெழும். அப்புறம் செடி ஒரு மீட்டருக்கு மேல் போகும், பூவும் காயும் கனத்துச் சாயும், குச்சி நட்டுக் கட்டுங்கள். நாலு இதழ் மஞ்சள் பூ கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கி வாரக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். இந்தச் சமயத்தில் நுனிகளில் சாம்பல் நிற அசுவினி அப்பிக்கொள்ளும். தேனீ வந்து போகும் செடியில் மருந்து தெளிக்க எனக்குச் சம்மதமில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவேன், மோசமான நுனியைக் கிள்ளி எறிவேன்.

பூ விரிந்ததிலிருந்து காய் முற்ற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இடம் அடைபடுகிறதே என்று அவசரப்படாதீர்கள். கீழ்க் காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஒன்றைப் பிளந்தால் உள்ளே விதை பழுப்பாக, நகத்தால் அழுத்தினால் நசுங்காமல் இருக்க வேண்டும். பச்சை விதையை எடுத்துக் காயவைத்தால் சுருங்கிப் பதராகிவிடும். பாதிக் காய் இந்த நிலைக்கு வந்ததும் கிளையோடு அறுங்கள். விடியற்காலையில் அறுப்பது முக்கியம். பனி ஈரத்தில் காய் மெத்தென்று இருக்கும். நடுப்பகலில் கைப்பட்டால் இரண்டு பக்கமும் பட்டென்று சுருண்டு திறந்து, பத்து இருபது விதையும் மண்ணில் சிதறிவிடும். ஒருநாள் மதியம் அறுக்கப் போய் அந்தப் பட்பட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கால்வாசி விதையை இழந்திருக்கிறேன். குருவிகளுக்கும் இந்த நாள் தெரியும், கடைசி இரண்டு வாரம் வலை போட்டுவிடுங்கள்.

அறுத்த கிளைகளைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து நிழலில் பத்து நாள் தொங்கவிட்டு, துணிக்கு மேலேயே மிதித்தால் உதிர்ந்துவிடும். முறத்தில் புடைத்தால் தூசும் பதரும் போய், உருண்டையான கரும்பழுப்பு விதை நிற்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை.

இலை ஓரத்தில் மஞ்சளாக வந்த செடியிலிருந்து விதை எடுக்கலாமா?

அந்த மஞ்சள், ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆங்கில வி எழுத்துப்போல் கூராக வந்து, அதில் நரம்பு கறுத்திருந்தால் அது கருப்பழுகல் நோய். விதை வழியாகப் பரவும். அந்தச் செடியைக் கட்டாயம் பிடுங்குங்கள். அதன் பக்கத்துச் செடிகளின் விதையை விதைக்கும் முன் வெந்நீர் நேர்த்தி செய்யலாம்: சரியாக 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம், உடனே குளிர்ந்த நீரில் அலசிக் காயவைப்பது. வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்யாதீர்கள். நாலைந்து டிகிரி ஏறினாலே முளைப்புத்திறன் போய்விடும், குறைந்தால் கிருமி சாகாது. பழைய விதை இந்தச் சூட்டைத் தாங்காது, புதிய விதைக்கு மட்டும் செய்யுங்கள். முதலில் ஒரு சிட்டிகை எடுத்துச் செய்து முளைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

விதைக்குக் காப்புரிமை இருக்கிறதாமே, நான் எடுத்த விதையை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

மேலே சொன்ன பழைய ரகங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. நீங்கள் கேள்விப்பட்டது வேறு வகை புரோக்கோலியைப் பற்றியதாக இருக்கும். ஐரோப்பாவில் ஒரு புரோக்கோலிக் காப்புரிமையை எதிர்த்து நடந்த வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வழக்கமான கலப்பாலும் தேர்வாலும் மட்டுமே உண்டான செடிக்குக் காப்புரிமை தரலாமா என்ற கேள்வி பல வருடம் இழுத்து, 2015இல் தரலாம் என்றும், 2020இல் தரக் கூடாது என்றும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பெரிய மேல்முறையீட்டுக் குழுவே மாற்றி மாற்றிச் சொன்னது. பிந்தைய முடிவு வந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. புதிய ரகம் எதையாவது வாங்கினால் பொட்டலத்தின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

எடுத்த விதை எத்தனை வருடம் இருக்கும்?

காய்ந்து, குளிர்ந்து, இருட்டில் இருந்தால் நாலைந்து வருடம். கண்ணாடிப் புட்டியில் சிலிக்கா ஜெல் சிறு பொட்டலத்தோடு போட்டு, ரகமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். புட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால், அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே வியர்த்துவிடும்.

விதைக்கும் முன் 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்து ஒரு வாரத்தில் எண்ணுங்கள். 16க்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். பத்து என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள், அந்தப் பருவமே புது விதையும் எடுத்துவிடுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் புட்டியில் இருக்கிற அத்தனையையும் ஒரே தடவையில் விதைத்து, முளைக்கிற ஒவ்வொன்றையும் காப்பாற்றப் பாருங்கள். உங்கள் சொந்த விதையை முதன்முறை போடும்போது பழைய பொட்டல விதையிலும் ஒரு வரிசை பக்கத்தில் போடுங்கள். எது முந்துகிறது, எது தாக்குப் பிடிக்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். 24 செடியை எண்ணி எழுதிய வாசகரே, உங்கள் கடிதத்தை முதலில் எதிர்பார்க்கிறேன்.